ராதிகாவின் பெரிய சாதனை சினிமாவா, சீரியலா?

கோமதி நெல்லை:
ராதிகாவைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் ‘கிழக்கே போகும் ரயில்’ பாஞ்சாலியில் தொடங்கி, ‘கிழக்குச் சீமையிலே’ விருமாயி வரைக்கும் விலாவாரியாக வந்து, கடைசியில் “சின்னத்திரையிலும் கொடிகட்டிப் பறந்தார்” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது. அது 2001 நவம்பரில் முடிந்தது. பிறகு அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே. 2013 தொடக்கத்தில் வந்த வாணி ராணி 2018 டிசம்பர் வரை ஓடியது. ஏறக்குறைய 19 வருஷம் சன் டிவியில் இரவு ஒன்பதரை மணி என்றால் ராதிகாதான். அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும். சினிமாவில் எந்தக் கதாநாயகிக்கு இப்படி ஒரு ஓட்டம் கிடைத்தது? அதுவும் சொந்தக் கம்பெனி, சொந்தத் தயாரிப்பு. கதை, டைரக்டர், கூட நடிக்கிறவர்கள் என்று எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது.

அவர் செய்த பெரிய வேலை சீரியல்தான் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பழைய டாக்கீஸ்:
மறுப்பு இருக்கிறது அம்மா. சீரியலின் நீளத்தை வைத்து நடிப்பை அளக்க முடியாது.

1978இல் பாரதிராஜா அறிமுகப்படுத்தியபோது அந்தப் பெண்ணுக்கு 16 வயதுதான். எம்.ஆர்.ராதாவின் மகள் என்ற பெயரை நம்பி அவர் வந்து நிற்கவில்லை. பாவாடை தாவணியில் நடித்த அந்தப் படம் ஓடிய ஓட்டம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். பிறகு தெலுங்கில் 1981இல் ‘நியாயம் காவாலி’. ஏமாற்றியவனை நீதிமன்றத்துக்கு இழுக்கிற பெண். அதற்கு ஃபிலிம்ஃபேர் விருது. 1986இல் கே.விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’. தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’ என்று வந்தது. கையில் பிள்ளையோடு நிற்கிற இளம் விதவை லலிதா. கமல் வெகுளியாக அத்தனை சேஷ்டைகளும் செய்ய, எதிரில் இவர் அடக்கி வாசித்திருப்பார். அந்த அடக்கம் இல்லாவிட்டால் கமலின் பாத்திரமே நின்றிருக்காது. இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட படம் அது. அதே வருஷம் தமிழில் ‘தர்ம தேவதை’க்கும் ஃபிலிம்ஃபேர்.

இதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒன்பதரை மணி சீரியலைத் தூக்கிப் பிடிப்பது நியாயமா?

விளம்பரப் பிரிவு சேகர்:
நான் விளம்பர ஏஜென்ஸியில், டிவி விளம்பர நேரம் வாங்குகிற பக்கம் இருந்தவன். நடிப்பைப் பற்றி நீங்கள் பேசுங்கள். அந்த ஒன்பதரை மணி எப்படி நடந்தது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் கோமதி அக்கா சொல்வதில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அன்றைக்கு சன் டிவி பெரும்பாலும் சீரியலுக்குக் காசு கொடுத்து வாங்கவில்லை. அரை மணி நேர ஸ்லாட்டுக்குத் தயாரிப்பாளர்தான் சேனலுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்கு அந்த அரை மணிக்குள் இத்தனை நிமிஷம் விளம்பர நேரம் என்று அவருக்குக் கிடைக்கும். சோப்பு, பட்டுப்புடவை, மசாலா கம்பெனிகளிடம் அதை விற்று, வருகிற பணத்தில் செட்டு வாடகை, ஆர்ட்டிஸ்ட் சம்பளம், டெக்னீஷியன் பேட்டா எல்லாம் போக மிஞ்சுவது லாபம். டிஆர்பி இறங்கினால் விளம்பர ரேட்டும் இறங்கும். ஆனால் சேனலுக்குக் கட்டுகிற பணம் நிற்காது. வாரத்துக்கு ஐந்து எபிசோட் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டே மேக்கப் போட்டு கேமரா முன்னால் நிற்பது சாதாரண காரியமில்லை. ராதிகாவின் தயாரிப்புக் கம்பெனியான ராடான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. காலாண்டு முடிவுகளைப் பங்குதாரர்களுக்குக் காட்டியாக வேண்டும். ஜுரம் என்று இவர் நான்கு நாள் படுத்தால் அது ஒரு நடிகையின் லீவு மட்டும் இல்லை, கம்பெனியின் வருமானமும் சேர்ந்து படுத்துவிடும். ‘தங்க வேட்டை’யும் இவர்கள் தயாரிப்புதான். ரம்யா கிருஷ்ணன் நடத்தினார். அதாவது, தான் நடிக்காத நிகழ்ச்சியையும் ஓடவைக்கத் தெரிந்தவர்.

கோமதி நெல்லை:
சேகர் சார், இதைத்தான் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன். நன்றி.

பழைய டாக்கீஸ் ஐயாவுக்கு: இதில் இன்னொரு விஷயமும் பாருங்கள். எம்.ஆர்.ராதா சினிமாவில் பெயர் வாங்குவதற்கு முன்னாலிருந்தே நாடகக்காரர். சொந்தக் குழு வைத்து ஊர் ஊராக ‘ரத்தக்கண்ணீர்’ போட்டவர். 1954இல் படமாக வந்த பிறகும் மேடையை அவர் விடவில்லை. நடிகனே கம்பெனி முதலாளி, வசூலும் நஷ்டமும் அவன் பொறுப்பு என்பது அந்தக் குடும்பத்துக்குப் புதுசு இல்லை. மகள் அறிமுகமான மறு வருஷமே, 1979 செப்டம்பரில், அவர் போய்விட்டார். ராடானை அவர் பார்க்கவில்லை.

தயாரிப்பும் இவருக்கு டிவியில் ஆரம்பித்தது இல்லை. பிரதாப் போத்தன் இயக்கிய ‘மீண்டும் ஒரு காதல் கதை’யைத் தயாரித்தவர் ராதிகாதான். அறிமுக இயக்குநரின் சிறந்த படம் என்று இந்திரா காந்தி பெயரிலான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச காலத்தில் தயாரிப்பாளராகத் தேசிய விருது வாங்கியவர். நடிகை ராதிகாவைப் பேசும்போது இதை யாரும் எடுப்பதே இல்லை.

சமையல்கட்டு மாலா:
சித்தி ஓடுனப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். எங்க அம்மா அந்த சீரியலை “பார்த்தாங்க”ன்னு சொல்ல முடியாது, கேட்டாங்க. ஒன்பதரைக்கு அப்பா சாப்பிட உட்காருவார். அம்மா அடுப்படியில தோசை ஊத்திட்டிருப்பாங்க. டிவி ஹால்ல ஓடும். தினாவோட டைட்டில் மியூசிக்கில நித்யஸ்ரீ குரல் வந்ததும் அம்மா அங்கிருந்தே “சவுண்டு கூட்டு”ன்னு கத்துவாங்க. அப்புறம் முழு எபிசோடும் காதுலதான். விளம்பரம் வந்தா தோசையை எடுத்துட்டு வந்து, “இப்ப யாரு வந்திருந்தா, அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு”ன்னு என்கிட்ட கேட்டுட்டுப் போவாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, டிவி சீரியலுக்குக் குரல்தான் முதல் மூலதனம். ராதிகாவோட குரல் கொஞ்சம் கனம், அடியில லேசா கரகரப்பு. கோபம் வர்றப்ப கத்தவே மாட்டாங்க. குரலை இறக்கி, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விட்டுப் பேசுவாங்க. அடுப்படியில இருக்கிறவங்களுக்கு “இப்ப ஏதோ நடக்கப்போகுது”ன்னு அதுலயே தெரிஞ்சிடும். அந்தக் காலத்துல நிறைய ஹீரோயின்களுக்கு வேற யாரோதான் டப்பிங் பேசுவாங்க. இவங்க தன் குரலை வச்சிருந்தது மட்டுமில்ல, ‘முதல் மரியாதை’யில ராதாவுக்கே குரல் கொடுத்தது இவங்கதான். அந்தப் படத்துல பரிசல் ஓட்டுற பொண்ணு குயிலோட பேச்சு நம்ம மனசுல நிக்குதுன்னா பாதி ராதிகாவால.

பழைய டாக்கீஸ்:
மாலா சொன்னது நல்ல கவனிப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரல் நன்றாக இருப்பதால் கதை நன்றாகிவிடாது. 22 நிமிஷ எபிசோடில் ஆறு நிமிஷம் முகத்துக்கு முகம் க்ளோசப், மேலே இடிச்சத்தம். ‘சுவாதி முத்ய’த்தில் நடித்தவரை இப்படிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

வைகை நதி:
எனக்கு வேறு ஒரு வருத்தம், கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

கம்பெனி நடத்தினார், சரி. பெண் முதலாளி, சரி. ஆனால் அந்தக் கம்பெனி எடுத்த கதைகளில் பெண்கள் என்ன செய்தார்கள்? ஒருத்தி பொறுத்துக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி கெடுத்துக்கொண்டே இருப்பாள். சித்தியில் யுவராணி செய்த பிரபாவதியை ஊரே திட்டியது. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றும் தெரியாத நல்லவர்களாக சோஃபாவில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் நடக்கும் எல்லாக் கெடுதலுக்கும் காரணம் இன்னொரு பெண் என்ற எண்ணத்தைத் தினமும் அரை மணி நேரம் ஊட்டி வளர்த்ததில் மெகா தொடர்களுக்குப் பங்கு இருக்கிறது. அதில் முன்வரிசையில் நின்றவர் என்பதால் ராதிகாவிடம் நான் கூடுதலாகவே கேட்பேன். கையில் அதிகாரம் இல்லாத நடிகையிடம் இதைக் கேட்க மாட்டேன்.

கோமதி நெல்லை:
வைகை, இந்தக் கேள்வி நியாயமானது. வில்லி இல்லாமல் வாரத்துக்கு ஐந்து எபிசோட் ஓட்டத் தெரியாத பழக்கம் அப்போது வேரூன்றியதுதான்; இன்றைக்கும் அது போகவில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் “பொறுத்துக்கொண்டே” இருந்தார்கள் என்பதை நான் ஏற்க மாட்டேன். வாணி ராணியில் வாணி வக்கீல். வீட்டுச் சண்டை என்றாலும் சட்டத்தைத்தான் கையில் எடுப்பாள். ராதிகா செய்த பெண்கள் அழுதார்கள், மறுக்கவில்லை. அழுதுவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்டி, “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பெண் கதையின் நடுவில் நின்று, முடிவெடுத்து, கடைசி வார்த்தையும் அவளே சொல்வது அன்றைய தமிழ் சினிமாவில் எங்கே இருந்தது? அந்த வயதில் அங்கே அம்மா வேஷம்தான். கதாநாயகன் வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஈழத்து வாசகி:
வணக்கம். நானும் ஒரு விசயம் சொல்லலாமோ? ராதிகாவின்ர தாயார் கீதா இலங்கைத் தமிழ் ஆள் எண்டது இங்க கனபேருக்குத் தெரியாமல் இருக்கலாம். ராதிகாவும் கொஞ்சக் காலம் இலங்கையில படிச்சவ. தங்கச்சி நிரோஷாவும் நடிகை. அதால எங்கட வீட்டுப் பெரியாக்கள் அவவை “எங்கட பிள்ளை” எண்டுதான் கதைப்பினம்.

நாங்கள் வெளிநாட்டுக்கு வந்த புதுசில தமிழ்க்கடையில மரக்கறி வாங்கப் போனால், காசு கட்டுற இடத்துக்குப் பக்கத்தில சீரியல் கசெட் அடுக்கி வச்சிருப்பினம். கிழமைக்கு ஒருக்கா அம்மா வாடகைக்கு எடுத்து வருவா. ஒரு கிழமைக் கதையை சனிக்கிழமை ஒரே இருப்பில பாத்து முடிச்சிடுவம். அம்மாவுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது, வேலையிலயும் ஒருத்தரோடயும் பெரிசாக் கதைக்கிறேல்லை. கிழமையில அவ மனம்விட்டுக் கதைச்ச விசயமே ‘சித்தி’யில ராதிகா செய்த சாரதாவைப் பற்றித்தான். வைகை சொன்ன குறையள் உண்மைதான், நான் மறுக்கேல்லை. ஆனால் அந்தக் கதையளைக் கேலியாக் கதைக்கிறவையோட எனக்கு ஒத்துப்போகாது.

திரைப் பைத்தியம்:
யாருமே ‘கேளடி கண்மணி’யை எடுக்கவில்லையே! 1990, வசந்த் இயக்கிய முதல் படம். அதில் ராதிகா சாரதா டீச்சர். கையால் பேசுகிற, காது கேளாத, வாய் பேச முடியாத அப்பா அம்மாவுக்கு ஒரே மகள். அப்பா பூர்ணம் விஸ்வநாதன், அம்மா ஸ்ரீவித்யா. மனைவியை இழந்து, பெண் குழந்தையோடு இருக்கிற எஸ்.பி.பி.யை அவள் விரும்புவாள். அந்தக் குழந்தை விடாது. சித்தியாக வர இருந்தவளை அந்தப் பெண் வீட்டுக்குள் சேர்க்காததால் இரண்டு பேருடைய வாழ்க்கையும் அப்படியே தள்ளிப்போகும்.

ஒன்பது வருஷம் கழித்து சன் டிவியில் வந்தது ‘சித்தி’. கதாநாயகியின் பெயர் மறுபடியும் சாரதா. இந்தத் தடவை சிவகுமாரைக் கட்டிக்கொண்டு வந்து அவருடைய மகளைத் தன் மகளாக வளர்க்கிறாள். பெயர் பொருந்தியது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் வீட்டு வாசலோடு திரும்பிப் போன பெண்ணின் கதையை, உள்ளே வந்த பிறகு என்ன நடந்திருக்கும் என்று சீரியல் 467 எபிசோடுக்குப் பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரு படத்துக்குள் அதைச் சொல்ல இடமில்லை. சித்தி என்றாலே கொடுமைக்காரி என்று பழைய கதைகளிலிருந்து கேட்டு வளர்ந்த ஊரில், அந்த உறவுக்குத் தினமும் இரவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது பெரிய விஷயம்.

அதனால் சினிமாவா சீரியலா என்று பிரித்துக் கட்சி கட்ட வேண்டாம் என்பேன். சாரதா டீச்சர் இல்லாமல் சித்தி சாரதா இல்லை.

பழைய டாக்கீஸ்:
அடடா, தம்பி! ‘கேளடி கண்மணி’யை நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன், இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. ஸ்ரீவித்யாவிடம் கையால் பேசிக்கொண்டே ராதிகா வாயாலும் நமக்காகச் சொல்லும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். கையும் வாயும் ஒரே நேரத்தில், ஆனால் முகம் அம்மாவுக்கு மட்டும். அந்தப் பயிற்சி க்ளோசப்பிலேயே வாழும் சீரியலுக்கு உதவியிருக்கும்தான்.

நான் கட்சி மாறவில்லை. ஆனால் ‘சித்தி’யை யூடியூபில் தேடப்போகிறேன்.

சமையல்கட்டு மாலா:
ஐயா, தேடுறதுன்னா ‘வாணி ராணி’யில முதல் நூறு எபிசோடையும் பாருங்க. ரெட்டை வேஷம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டியிருப்பாங்க, வேணு அரவிந்தும் பப்லுவும். சினிமாவுல ரெட்டை வேஷம்னா மாசக்கணக்குல நேரம் எடுத்து செய்வாங்க. சீரியல்ல ஒரே நாள் கால்ஷீட்ல ரெண்டு பேரையும் முடிக்கணும். எதிர்ல முதுகு காட்டி நிக்க ஒரு டூப் ஆர்ட்டிஸ்ட். வாணியோட வசனம் முழுக்க ஒரு பக்கம் எடுத்துட்டு, புடவை, தலைமுடி, பொட்டு எல்லாம் மாத்திட்டு வந்து ராணியா எதிர்ப்பக்கம். தான் காலையில எந்த வேகத்துல பேசினோம்ங்கிறதை ஞாபகம் வச்சு சாயங்காலம் பதில் பேசணும். அதை 1,743 எபிசோடுக்கு ஓட்டுன ஒருத்தர், அதே நேரத்துல சேகர் சார் சொன்ன கணக்கையும் பார்த்துக்கிட்டார்னா என்ன சொல்றது!

கண் தெரியாத எங்க பாட்டி, குரலை மட்டும் கேட்டே இது வாணி, இது ராணின்னு சொல்லிடுவாங்க. அவங்க தப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

வைகை நதி:
1,743 எபிசோடுக்குக் கதை இருந்ததா மாலா? ஆள் கடத்தல், விஷம், பழிவாங்கல் என்று பின்பாதியில் ஒரே வளையத்தில் சுற்றினார்கள். நீளம்தான் அந்தத் தொடரைக் கெடுத்தது. சித்தி இரண்டு வருஷத்துக்குள் முடிந்தது, அதனால்தான் இன்றும் பேசுகிறோம்.

விளம்பரப் பிரிவு சேகர்:
வைகை சொல்வது சரி, காரணமும் அந்த ஸ்லாட் கணக்கில்தான் இருக்கிறது. ஓடுகிற தொடரை நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால், டிஆர்பி ஏறுகிற வரைக்கும் நஷ்டம் தயாரிப்பாளர் தலையில். அதனால் நன்றாக ஓடுவதை யாரும் நிறுத்த மாட்டார்கள். ராதிகாவின் தொடர்கள் மட்டும் இல்லை. தேவயானியின் ‘கோலங்கள்’ 2003இல் ஆரம்பித்து 2009 வரை போனது. பிற்பாடு சேனலே பணம் கொடுத்துத் தயாரிக்கச் சொல்லும் முறை வந்தது. அதில் தயாரிப்பாளருக்கு நஷ்டபயம் குறைவு, ஆனால் கதையில் சேனலின் பிடி அதிகம். ராதிகாவின் பெரிய தொடர்கள் வந்தது முந்தைய முறையில்.

திரைப் பைத்தியம்:
2018க்குப் பிறகு நடந்ததையும் பேச வேண்டும். வாணி ராணி முடிந்த கையோடு ‘சந்திரகுமாரி’ வந்தது. சரித்திரமும் இன்றைய கதையும் கலந்த முயற்சி, எடுபடவில்லை. நடுவில் ராதிகா விலகி விஜி சந்திரசேகர் வந்தார். 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் ‘கோடீஸ்வரி’, பெண்களுக்கு மட்டுமேயான கேள்வி பதில் போட்டி. அதில் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச முடியாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். எதிரில் ராதிகா உட்கார்ந்திருந்த விதத்தைப் பாருங்கள். அவசரப்படுத்தவில்லை, பரிதாபப்படவும் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி, பதிலுக்குக் காத்திருந்தார். சாரதா டீச்சர் ஞாபகம் வராமல் இருக்குமா?

2020 ஜனவரியில் ‘சித்தி 2’. சில வாரங்களில் கொரோனா வந்து படப்பிடிப்பு நின்றது. மறுபடி ஆரம்பித்தபோது கணவர் வேடத்தில் பொன்வண்ணனுக்குப் பதில் நிழல்கள் ரவி. அடுத்த வருஷம் தேர்தல் வேலைக்காக ராதிகாவே விலகிவிட்டார். தொடர் வெண்பாவாக நடித்த ப்ரீத்தி ஷர்மாவை நடுவில் வைத்து 2022 வரை ஓடியது. பிறகு ராதிகா கலைஞர் டிவியில் ‘பொன்னி கேர் ஆஃப் ராணி’ செய்தார். 2024இல் விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்று தோற்றார். அரசியலை இந்த இழையில் இழுக்க வேண்டாம், சேதிக்காகச் சொன்னேன்.

ஈழத்து வாசகி:
சித்தி 2 எங்கட அம்மா பாக்கத் துவங்கி, ராதிகா போன பிறகு விட்டிட்டா. “அவ இல்லாத சித்தி எனக்கென்னத்துக்கு” எண்டா.

வைகை நதி:
திரைப் பைத்தியம் சொன்னதில் எனக்கு உறுத்துவது அந்த ஆள் மாற்றம். “இனி இவருக்குப் பதில் இவர்” என்று ஒரு ஸ்லைடு போட்டுவிட்டு மறுநாள் கதை ஓடும். சீரியல் நடிகைகளின் வாழ்க்கையே இதுதான். நாள் சம்பளம். பிள்ளை பெற்றுக்கொள்ளப் போனால், உடம்புக்கு முடியாமல் போனால், சம்பளம் கூட்டிக் கேட்டால், ஒரு ஸ்லைடில் முடிந்துவிடும். ராதிகா விலகியபோது அது அவர் எடுத்த முடிவு. பக்கத்தில் அண்ணியாகவும் நாத்தனாராகவும் நின்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு பெண் முதலாளியானதால் மற்ற பெண்களின் வேலை நிலைமை மாறியதா? கோமதி, நீங்கள் ஆரம்பித்த இழை. நீங்களே பதில் சொல்லுங்கள்.

கோமதி நெல்லை:
துறை முழுக்க மாறவில்லை வைகை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு கம்பெனியால் ஆகிற காரியமும் இல்லை அது. சங்கம், எழுத்தில் ஒப்பந்தம், பிரசவ கால விடுப்பு, மருத்துவக் காப்பீடு என்று வர வேண்டிய வழி வேறு.

ஆனால் மாறியது ஒன்று இருக்கிறது. 1999க்கு முன்னால் சினிமா நடிகை டிவிக்கு வந்தால் “வாய்ப்பு இல்லாமல் வந்துவிட்டாள்” என்பார்கள். சித்திக்குப் பிறகு தேவயானி வந்தார், குஷ்பு வந்தார், ரம்யா கிருஷ்ணன் வந்தார். இவர்களில் குஷ்புவும் ரம்யா கிருஷ்ணனும் தயாரிப்பிலும் கை வைத்தார்கள். முப்பத்தைந்து வயதோடு கதாநாயகியின் கணக்கை மூடிவிடுகிற துறையில், அந்த வயதுக்குப் பிறகு கதை சொல்ல ஒரு இடம் உண்டு, அங்கே சம்பளம் வாங்குகிற ஆளாகத்தான் நிற்க வேண்டும் என்று இல்லை, முதலாளியாகவும் நிற்கலாம் என்று நடத்திக் காட்டியது ராதிகா. கெஞ்சாமல் வாங்கிய இடம் அது. ஸ்லாட்டுக்குக் காசு கட்டி வாங்கினார்.

சேகர் சாரிடம் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சித்தி ஆரம்பித்த மாதங்களில் விளம்பரம் எடுக்க கம்பெனிகள் தயங்கினவா, உடனே வந்தனவா? தெரிந்தால் எழுதுங்கள். பழைய டாக்கீஸ் ஐயா சித்தியின் முதல் வாரத்தைப் பார்த்து முடித்ததும் இங்கேயே வந்து சொல்ல வேண்டும், சிவகுமார் வரும் காட்சிகளை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வரக் கூடாது.